வரியில்லா வலயம் வேணும் எண்டு கேட்க முதல்

எங்கட பக்கத்தில் தொழில் பற்றிக் கதை தொடங்கினால் பத்து நிமிசத்துக்குள் ஒரு வசனம் வந்து விழும். "மன்னாரில ஒரு சுதந்திர வர்த்தக வலயத்தைப் போட்டு, வரியை எடுத்துவிட்டால் காணும். கம்பனிகள் தானா வரும்." தேர்தல் மேடையில் இதைச் சொல்கிறார்கள், முகநூலில் எழுதுகிறார்கள், மடு வீதிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சொல்கிறார்கள். காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று முதலீட்டு வலயங்களின் பெயர்கள் அடிபடத் தொடங்கிய பிறகு, "அப்ப எங்களுக்கு?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

கேள்வி நியாயமானதுதான். உயர்தரம் முடித்த பிள்ளைகளில் ஒரு பகுதி கட்டுநாயக்கவுக்குப் போய் போர்டிங் அறையில் நாலு பேரோடு படுக்கிறது. இன்னொரு பகுதி டுபாய்க்கும் கட்டாருக்கும் போகிறது. ஊரில் நிற்பவர்களுக்குக் கடலும் வயலும், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. இந்த நிலையில் ஒரு தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் "வரியை எடுத்துவிடு" என்கிற பாதியில்தான் எனக்குச் சிக்கல். ஒரு கம்பனிக்குக் கொடுக்கும் வரி விலக்கு சும்மா கிடைக்கிற ஒன்றல்ல. அது நாங்கள் கொடுக்கிற காசு. காசு கொடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகளை நாங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

"கலைப்பீடத்துப் பிள்ளைக்கு கம்பனி வரியில என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சவர்க்காரம் வாங்குகிறேன், ஃபோனுக்கு ரீலோட் போடுகிறேன், இரண்டுக்கும் வரி கட்டுகிறேன். வரியைப் பற்றிக் கதைக்க அந்தத் தகுதி போதும்.

கட்டாத வரியை யார் கட்டுவது?

மடு ஆவணித் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் நூறு கடை. தண்ணீர், மின்சாரம், குப்பை அள்ளுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள் என்போம். இப்போது கொழும்பிலிருந்து வந்த பெரிய ஐஸ்கிரீம் கடை ஒன்றுக்கு மட்டும், "நீங்கள் வந்தால் சனம் கூடும், உங்களுக்குக் கட்டணம் இல்லை" என்கிறார்கள். சனம் கூடவும் கூடும். ஆனால் குப்பை அள்ளுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய காசு குறைவதில்லை. அதை மிச்சம் 99 கடையும் பங்குபோட வேண்டும். கச்சான் விற்கிற அன்ரியும் அதில் ஒருத்தி.

நாட்டுக் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை, அதாவது நாங்கள் வற் என்று சொல்வதை, 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். கம்பனி வருமான வரியின் பொது வீதமும் 28 இலிருந்து 24 ஆக இறங்கியது. 2021, 2022 ஆண்டுகளில் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். வற் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. கம்பனி வரியின் பொது வீதம் 30 ஆனது.

இந்தச் சரிவுக்கு வலயங்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வரி என்பது ஒரு பக்கம் அமர்த்தினால் மறு பக்கம் பொங்குகிற சாமான் என்பதைத்தான் சொல்கிறேன். கம்பனி வரி இலாபத்தின் மேல் விழும். இலாபம் இல்லையென்றால் வரியும் இல்லை. வற் அப்படியில்லை. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 180 ரூபாய், வாங்குகிறவர் கூலிக்காரரா முதலாளியா என்று அது பார்க்காது. முதலாவதில் ஓட்டை விழுந்தால், இரண்டாவதைத்தான் அரசு இறுக்கிப் பிடிக்கும்.

1978: சட்டத்துக்கு வெளியே ஒரு கதவு

இலங்கையின் வலயக் கதை 1978 இல் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு என்ற ஒன்றை 1978 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கியது. கட்டுநாயக்க வலயம் பிறந்தது அப்போதுதான். பிறகு பியகம, அதற்குப் பிறகு கொக்கல. 1992 இல் அந்த ஆணைக்குழு இலங்கை முதலீட்டுச் சபை என்று பெயர் மாறியது.

இந்தச் சட்டத்தின் 17 ஆம் பிரிவுதான் முக்கியம். கம்பனியோடு ஒரு உடன்படிக்கை செய்து, வருமான வரிச் சட்டம் உட்படச் சில சட்டங்களிலிருந்து அந்தக் கம்பனிக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இருந்தது. கவனியுங்கள்: விலக்கு வரிச் சட்டத்துக்குள் எழுதப்படவில்லை, ஒரு உடன்படிக்கைத் தாளில் எழுதப்பட்டது. வரிச் சட்டத்தை நீங்களும் நானும் வாசிக்கலாம். உடன்படிக்கை இரண்டு தரப்புக்கு இடையிலானது. பல ஆண்டு வரி விடுமுறைகள் இப்படித்தான் கொடுக்கப்பட்டன.

"அதனாலதானே கட்டுநாயக்க வளர்ந்தது?" என்று யாரும் கேட்கலாம். ஒரு பகுதி உண்மை. ஆனால் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம், முப்பது கிலோமீற்றர் சொச்சத்தில் கொழும்புத் துறைமுகம். அதோடு அந்தக் காலத்தில் பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு துணி இறக்கலாம் என்று கோட்டா வைத்திருந்தன. தங்கள் நாட்டுக் கோட்டா நிரம்பிய கிழக்காசிய முதலாளிகளுக்கு, கோட்டா மிச்சமிருந்த இலங்கை தேவைப்பட்டது. அந்தக் கோட்டா முறை 2004 இன் முடிவில் இல்லாமல் போனது. துறைமுகம், கோட்டா, எழுத வாசிக்கத் தெரிந்த, குறைந்த சம்பளத்துக்கு வரத் தயாராக இருந்த பெண்கள், இந்த மூன்றையும் மறைத்துவிட்டு வரி விடுமுறை ஒன்றையே காரணமாகச் சொல்வது கதையைக் குறுக்குவதாகும்.

இதே கதவு பிறகு அகன்றது. 2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க உபாயமுறை அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 ஆண்டுகள் வரை விலக்குக் கொடுக்க இடம் வைத்தது. 2021 மே 20 ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் அதை 40 ஆண்டுகள் வரை கொண்டுபோனது. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்ரேயர் நிலத்துக்கு ஒரு தனி வரி உலகம். அந்தச் சட்டமூலத்தின் பல பிரிவுகள் அரசியலமைப்போடு பொருந்தவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லி, திருத்தங்களோடுதான் அது நிறைவேறியது.

40 ஆண்டு என்றால் என்ன? இன்று எனக்கு இருபது சொச்சம். அந்த விலக்கு முடியும்போது நான் ஓய்வூதிய வயதைத் தாண்டியிருப்பேன். என்னுடைய உழைக்கும் காலம் முழுவதும் நான் வரி கட்ட, அந்தக் கம்பனி கட்டாது.

2023 செப்டம்பரில் சர்வதேச நாணய நிதியம் இலங்கையின் ஆட்சிமுறை பற்றி வெளியிட்ட அறிக்கை, விலக்குகளை மதிப்பிட ஒரு வெளிப்படையான முறை வரும்வரை அந்த 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும் அல்லது நிறுத்தி வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாணய நிதியத்தின் எல்லா மருந்தும் எனக்குப் பிடித்ததில்லை. வற்றை ஏற்றச் சொன்னவர்களும் அவர்கள்தான். ஆனால் இந்த இடத்தில் அவர்கள் கேட்ட கேள்வியை நாங்கள் முதலே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு விதமான சலுகை

வரிச் சலுகை என்று ஒரே சொல்லில் நாங்கள் சொன்னாலும் அதில் இரண்டு சாதி இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

ஒன்று, வரி விடுமுறை. "பத்து வருசத்துக்கு உன் இலாபத்துக்கு வரி இல்லை." மற்றது, மூலதனக் கழிவு. "நீ கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்ட காசை இவ்வளவு மடங்காக உன் இலாபத்திலிருந்து கழித்துக்கொள், மிச்சத்துக்கு வரி கட்டு."

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கம்பனி வாடகைக் கட்டடத்தில் 5 கோடி ரூபாயில் தொழில் தொடங்குகிறது. இன்னொன்று 100 கோடி போட்டுத் தொழிற்சாலை கட்டுகிறது. இரண்டுக்கும் வருடத்துக்கு 20 கோடி இலாபம். வரி 30 சதவீதம் என்றால் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 6 கோடி கட்ட வேண்டும். பத்து வருட விடுமுறை கொடுத்தால் இரண்டுக்கும் ஆளுக்கு 60 கோடி மிச்சம். 5 கோடி போட்டவனுக்கு 60 கோடிச் சலுகை! அவன் பதினோராவது வருடம் பெட்டியைக் கட்டினால் கேட்க ஆளில்லை.

விடுமுறைக்குப் பதிலாக, போட்ட முதலின் இரு மடங்கைக் கழிக்க விட்டால்? 5 கோடி போட்டவன் 10 கோடியைக் கழிக்கலாம், வரியில் அவனுக்கு மிச்சம் 3 கோடி. 100 கோடி போட்டவன் 200 கோடி கழிக்கலாம், மிச்சம் அதே 60 கோடி. அரசு விட்டுக்கொடுத்த காசு நிலத்தில் நிற்கிற கட்டடமாகவும் இயந்திரமாகவும் தெரிகிறது. வழமையான தேய்மானக் கழிவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் கதை மாறாது. விடுமுறை இலாபத்துக்குப் பரிசு கொடுக்கிறது, கழிவு முதலீட்டுக்குப் பரிசு கொடுக்கிறது.

வடக்குக்கு என்றே ஒரு விதி இருந்தது தெரியுமா?

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தபோது செய்த நல்ல காரியங்களில் ஒன்று, புதிய வரி விடுமுறைகளிலிருந்து விலகி இந்த மூலதனக் கழிவு முறைக்கு மாறியது. பழைய உடன்படிக்கைகள் தங்கள் காலம் முடியும்வரை தொடர விடப்பட்டன.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. 30 இலட்சம் டொலருக்கு மேல் 10 கோடி டொலர் வரை புதிதாக முதலிடுகிறவருக்கு நாட்டின் மற்ற இடங்களில் 100 சதவீத மேலதிகக் கழிவு. வட மாகாணத்தில் என்றால் 200 சதவீதம். அதாவது மேலே நான் போட்ட கணக்கு கற்பனை இல்லை, வடக்குக்கென்று சட்டத்தில் எழுதப்பட்டது. இதற்கு வேலி போட்ட வலயமும் தேவையில்லை. மடுவிலும் போடலாம், முசலியிலும் போடலாம், பேசாலையிலும் போடலாம்.

"வரியை எடுத்தால் கம்பனிகள் தானா வரும்" என்கிற நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: இவ்வளவு பெரிய சலுகை சட்டத்தில் இருந்தும், அதைப் பற்றி எங்கட ஊரில் யார் கதைக்கக் கேட்டிருக்கிறீர்கள்? மடு வீதியில் நின்று பார்க்கும்போது அதன் நிழல்கூடத் தெரியவில்லை.

காரணம் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. 30 இலட்சம் டொலர் என்பது ஏறத்தாழ 90 கோடி ரூபாய். வங்காலையில் நண்டு பதனிடுகிற ஒருவர், பேசாலையில் ஐஸ் தொழிற்சாலை போட நினைக்கிற ஒருவர், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் குற்றி விற்க நினைக்கிற ஒரு கூட்டுறவுச் சங்கம், இவர்களில் யாரிடம் 90 கோடி இருக்கிறது? சலுகையின் வாசல் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 90 கோடி வைத்திருக்கிற வெளியாளோ வரியை மட்டும் பார்ப்பதில்லை. நல்ல தண்ணீர் வருமா, மின்சாரம் தடைப்படாமல் இருக்குமா, காணி உறுதி சுத்தமா, பொருளை எந்தத் துறைமுகத்தால் ஏற்றுவது, பழகிய ஆட்கள் கிடைப்பார்களா என்று பார்க்கிறார். ஏனென்றால் இலாபம் வந்தால்தானே வரி விலக்குக்கு ஒரு பெறுமதி? பூச்சியத்தில் 30 சதவீதமும் பூச்சியம்தான்.

யுத்தத்தில் அறுந்துபோன ரயில் பாதை மடு வீதி வரை 2013 இலும், தலைமன்னார் இறங்குதுறை வரை 2015 இலும் திரும்பி வந்தது. இந்தியக் கடனில் போட்ட பாதை, அந்தக் கடனை வரிக் காசில்தான் கட்ட வேண்டும். ஒரு கம்பனியை இங்கே வரவைக்கக்கூடியது இந்த மாதிரிப் பாதையும் தண்ணீரும் மின்சாரமும். அவற்றைப் போடுவதற்கான காசைத்தான் வரி விலக்கு என்று சொல்லி முதலே விட்டுக்கொடுக்கிறோம்.

டுபாயே மாறிவிட்டது

வரியில்லா வலயம் என்றாலே எங்கட ஆட்களுக்கு நினைவுக்கு வருவது டுபாய். ஜெபல் அலி வலயம் 1985 இல் தொடங்கியது. ஆனால் அந்த டுபாய் இன்று பழைய டுபாய் இல்லை.

ஐக்கிய அரபு அமீரகம் 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்குக் கம்பனி வரி கொண்டுவந்தது. 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 9 சதவீதம். வலயத்துக்குள் இருக்கிற கம்பனிக்கு இன்னும் 0 சதவீதம் உண்டு, ஆனால் தகுதியான வருமானம் என்று சட்டம் சொல்கிற வருமானத்துக்கு மட்டும். பெயர்ப்பலகை தொங்கவிட்டால் போதாது, வலயத்துக்குள் உண்மையாகவே ஆட்களும் சொத்தும் செலவும் இருக்க வேண்டும். கணக்காய்வு செய்த கணக்குக் காட்ட வேண்டும். தகுதியில்லாத வருமானம் மொத்த வருவாயில் 5 சதவீதம் அல்லது 50 இலட்சம் திர்ஹாம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் அந்த வருடமும் அடுத்த நான்கு வருடமும் சலுகை போய்விடும்.

எண்ணெய்க் காசு உள்ள நாடே, "சும்மா தரமாட்டேன், இந்த இந்த நிபந்தனைக்குத் தருவேன்" என்கிறது. கடன் கட்ட முடியாமல் நின்ற நாங்கள் 40 வருடத்துக்கு எழுதிக்கொடுக்கச் சட்டம் செய்தோம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2021 இல் 130 க்கும் மேற்பட்ட நாடுகள் பெரிய பல்தேசியக் கம்பனிகளுக்கு, அதாவது வருடத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ளவற்றுக்கு, குறைந்தது 15 சதவீத வரி இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டன. பல ஐரோப்பிய நாடுகள் 2024 இலிருந்து அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கின. அமீரகமும் 2025 இலிருந்து இப்படியான கம்பனிகளிடம் 15 சதவீதம் வரை தானே வாங்குகிறது. ஏன் தெரியுமா? இங்கே 0 என்று விட்டால், குறைகிற பங்கைக் கம்பனியின் தாய் நாடு எடுத்துக்கொள்ள அந்த ஏற்பாட்டில் இடம் இருக்கிறது. உண்மையான ஆட்களும் இயந்திரமும் உள்ள இடத்துக்கு ஒரு பகுதி கழிவு உண்டு என்றாலும், அடிப்படை இதுதான்: ஒரு பெரிய ஐரோப்பியக் கம்பனிக்கு நாங்கள் மன்னாரில் விட்டுக்கொடுக்கிற வரி, அந்தக் கம்பனிக்கே போய்ச் சேராமல், ஒரு ஐரோப்பியத் திறைசேரிக்குப் போகலாம். எங்கட கச்சான் அன்ரி கட்டுகிற வற், சுற்றிச் சுழன்று ஒரு பணக்கார நாட்டுக்கு உதவி செய்ததாக முடியும்.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லித் தருவது

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. 2005 இல் தமிழ்நாட்டு அரசு நோக்கியாவோடு ஒப்பந்தம் செய்தது. ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார வலயத்தில் 2006 இல் உற்பத்தி தொடங்கியது. மத்திய அரசின் வலயச் சட்டப்படி முதல் ஐந்து வருடம் ஏற்றுமதி இலாபத்துக்கு முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்து வருடம் பாதி. மாநில அரசின் வரிச் சலுகைகள் வேறு. ஆயிரக்கணக்கான இளம் ஆட்கள், அவர்களில் நிறையப் பெண்கள், வேலைக்குப் போனார்கள். கைத்தொலைபேசிகள் கப்பல் கப்பலாகப் போயின. அதை யாரும் மறுக்க முடியாது.

2013 இல் வருமான வரித் திணைக்களம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்கு வந்தது. நோக்கியா தன் கைத்தொலைபேசித் தொழிலை மைக்ரோசொஃப்டுக்கு விற்றபோது, வழக்கில் மாட்டியிருந்த இந்தத் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 இல் உற்பத்தி நின்றது. எட்டு வருடம் சொச்சத்தில் ஒரு பெருங்கனவு முடிந்தது.

மூடப்பட்டதற்குக் காரணம் பல: வரி வழக்கு, சந்தையில் நோக்கியாவின் வீழ்ச்சி, விற்பனை. எந்தக் காரணம் பெரியது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த ஒப்பந்தத்தில் அரசு இருந்தது, கம்பனி இருந்தது. வேலைக்குப் போன பிள்ளைகள் இல்லை. "இத்தனை வருடத்துக்கு முன் போனால் வாங்கிய சலுகையில் இவ்வளவைத் திருப்பித் தா, அதை வேலை இழந்தவர்களுக்குக் கொடு" என்று கேட்க அவர்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கட கடலில் ஓடிய பழைய கணக்கு

வரி விலக்கு எங்கட கரைக்குப் புதிதும் இல்லை. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக் குளித்த காலத்தில் கணக்குக் கல்லில்தான். சுழியோடி காலில் கல்லைக் கட்டித்தான் இறங்குவான், ஒரு கல்லுக்கு இவ்வளவு வரி. டச்சுக்காரர் காலத்தில் மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியில்லாத கற்கள் இருந்தன. மானியக் கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடலுக்குள் போகிறவனுக்கு எல்லாக் கல்லும் ஒரே பாரம்தான். ஆழமும் அதே, மூச்சும் அதே, சுறாவும் அதே. விலக்கின் பயன் கல்லின் உரிமைக்காரருக்குத்தான். மூச்சைப் பிடித்தவனின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. வரியில்லா வலயம் பற்றி யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கற்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அப்ப என்ன கேட்கலாம்?

"நீங்கள் படிச்ச ஆக்கள் எல்லாத்துக்கும் கேள்வி கேட்டு, வாறவனையும் துரத்திப் போடுவீங்கள்" என்று ஒரு அண்ணா சொன்னார். அவர் மகள் கட்டுநாயக்கவில். அவர் கோபம் எனக்கு விளங்குகிறது. கேள்வி கேட்பது துரத்துவது ஆகாது. 2025 ஓகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் சனம் தெருவுக்கு வந்ததற்கு ஒரு காரணம், கேள்விக்கு முதலே முடிவு வந்துவிட்டது என்ற எண்ணம். வலயத்திலும் அதே நடக்கக் கூடாது என்றால் இப்போதே கேட்க வேண்டும்.

முதலாவது, விலக்கு எங்கே எழுதப்படுகிறது? வரிச் சட்டத்துக்குள் எழுதட்டும். எந்தக் கம்பனி, எத்தனை வருடம், வருடத்துக்கு எவ்வளவு ரூபாய் விட்டுக்கொடுத்தோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரட்டும். நிதி அமைச்சு வரிச் செலவினம் என்ற பெயரில் இப்போது மொத்தக் கணக்கு வெளியிடுகிறது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்தில் இருக்கிற எங்களுக்கு மாவட்டக் கணக்கு வேண்டும்.

இரண்டாவது, எதற்குச் சலுகை? இலாபத்துக்கு விடுமுறை வேண்டாம். முதலீட்டுக்கும், இந்த மாவட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கும் கழிவு கொடுங்கள். வேலை கொடுக்காமல் சலுகை எடுக்க முடியாத மாதிரி விதியை எழுதுங்கள்.

மூன்றாவது, வாசலை இறக்குங்கள். வட மாகாணத்துக்கென்று இருந்த அந்த 200 சதவீதக் கழிவை ஒரு கோடி போடுகிற ஆளுக்கும் நிரந்தரமாகத் திறந்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற எங்கட சொந்தங்களே ஒரு ஐஸ் தொழிற்சாலை, ஒரு குளிர்க் களஞ்சியம் போட யோசிப்பார்கள். அவர்களுக்கு விமானம் ஏறி ஓடிவிட வேறு ஊர் இல்லை.

நான்காவது, முடிவுத் திகதி. 40 வருடம் என்பது ஒரு தலைமுறை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, சொன்ன வேலை வரவில்லையென்றால் நிறுத்தவும், இடையில் போனால் திருப்பி வாங்கவும் விதி இருக்க வேண்டும். டுபாய் செய்வதை நாங்கள் செய்ய ஏன் வெட்கம்?

ஐந்தாவது, எங்களுக்கு என்ன பங்கு? கம்பனி வருமான வரி கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. வலயம் குடிக்கிற தண்ணீரும், லொறி உடைக்கிற வீதியும், வாடகை ஏறுகிற அறையும் இங்கே. கட்டுகிற வரியில் ஒரு பங்கு பிரதேச சபைக்குத் திரும்ப வேண்டும் என்பது பேராசை இல்லை.

இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிற எந்தத் தொழிற்சாலையையும் நான் வரவேற்பேன். அந்த அண்ணாவின் மகளும் கட்டுநாயக்க அறையைக் காலி செய்துவிட்டு வரட்டும். பதில் சொல்ல விருப்பமில்லாமல், வரியை மட்டும் எடு என்று கேட்கிற கம்பனி, நாளைக்கு இன்னும் மலிவான ஒரு கரையைக் கண்டால் எங்களிடம் சொல்லிவிட்டா போகப் போகிறது?

அடுத்த முறை மேடையில் ஒருவர் "மன்னாருக்கு வலயம் கொண்டுவருவேன்" என்றால் கை தட்டுங்கள், பிரச்சினை இல்லை. தட்டி முடித்த கையைத் தூக்கி ஒன்றைக் கேளுங்கள்: "ஐயா, அவை கட்டாத வரியை எத்தனை வருசத்துக்கு நாங்கள் கட்ட வேணும்?"